தொப்பூர் இறக்கத்தில் மட்டும் உருகும் ஃபியூஸ்: பழைய காரில் காரணத்தை எப்படித் தேடுவது?

பாலக்கோட்டுக்காரன் | ஜூன் 9, இரவு 10.20

அப்பா 1999இல் வாங்கிய சிறிய காரை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் வகை. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பேச்சு திரும்பிவிடும். எனக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு ஃபியூஸைப் பற்றித்தான்.

அக்கா வீடு நாமக்கல்லில். மாம்பழக் காலம் வந்தால் எங்கள் தோப்பிலிருந்து செந்தூரா நான்கைந்து கூடை ஏற்றிக்கொண்டு போவேன். போன மாதக் கடைசியில் அப்படிப் போகும்போது தருமபுரி தாண்டி இருட்டிவிட்டது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மீட்டர் விளக்கு சட்டென்று அணைந்தது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பக்கத்தில் வந்ததும் கிளீனர் தலையை வெளியே நீட்டி, பின்லைட் இல்லை என்று கத்தினார். அந்த இறக்கத்தில் லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மனைவியும் குழந்தையும் வண்டியில் இருந்தார்கள். கை நடுங்க ஓரம் கட்டினேன்.

15 ஆம்பியர் ஃபியூஸ் உருகியிருந்தது. டேஷ்போர்டில் கிடந்த புதிய ஃபியூஸைப் போட்டேன், எரிந்தது. ஓமலூர் வருவதற்குள் அதுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்குமாக இரவிலும் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. நேற்று மறுபடி கூடை ஏற்றி நாமக்கல்லுக்குக் கிளம்பினேன். அதே தொப்பூரில் அதே ஃபியூஸ் போனது.

பாரம் ஏற்றினால் போகிறது, ஏற்றாவிட்டால் போவதில்லை. பாரத்துக்கும் ஃபியூஸுக்கும் என்ன தொடர்பு? கடையில் கேட்டேன். "20 போட்டுக்கொள்ளுங்கள், போகாது" என்றார்கள். போடலாமா?

அரூர் இளைஞன் | ஜூன் 9, இரவு 10.48

அண்ணா, அவசரத்துக்கு 20 போடுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். என் பைக்கில் ஃபியூஸ் போனபோது சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தேன். ஆறு மாதமாக அப்படியேதான் ஓடுகிறது.

ஒகேனக்கல் சாலை | ஜூன் 9, இரவு 11.15

தம்பி, நாளைக் காலையில் முதல் வேலையாக அந்தத் தாளை எடுத்துவிடு. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிற நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையில் இரவுச் சவாரி அதிகம் போவேன். வெளிச்சம் போதவில்லை என்று என் பழைய வண்டியில் 60/55 வாட் (தூர வெளிச்சத்துக்கு 60, கிட்ட வெளிச்சத்துக்கு 55) பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் போட்டேன். நாலைந்து நாளில் ஃபியூஸ் உருகியது. இருந்த ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் போட்டேன். அது உருகவே இல்லை. ஒரு மாதம் கழித்து, மலைப் பாதையின் நடுவில் ஸ்டீயரிங் அடியிலிருந்து புகை வந்தது. விளக்கு சுவிட்ச் உருகி வழிந்தது. ஒயர் கட்டில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. பின் சீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அவர்களை இருட்டில் இறக்கிவிட்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். அணைக்க ஒரு குடம் தண்ணீர்கூட இல்லாத இடம் அது. நல்ல வேளை, தீ பற்றவில்லை.

பெரிய ஃபியூஸ் போட்ட பிறகு உருகாமல் இருந்தது கோளாறு தீர்ந்ததால் அல்ல. உருக வேண்டிய இடம் ஃபியூஸிலிருந்து ஒயருக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மின்னியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி | ஜூன் 10, காலை 6.30

ஒகேனக்கல் சாலை சொல்வதைக் கணக்கும் உறுதிப்படுத்துகிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். தூர வெளிச்சத்தில் 60 வாட் இரண்டுக்கு 120ஐ 12ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். 100 வாட் இரண்டென்றால் 200ஐ 12ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 17 ஆம்பியர். 10க்காக இழுத்த ஒயரில் 17 ஓடினால் அது சூடாகத்தான் செய்யும்.

பாலக்கோட்டு நண்பரின் வண்டிக்கு வருகிறேன். அந்த ஒரே ஃபியூஸில் முன்னால் பார்க் லைட் இரண்டு, பின்லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 5 வாட். நம்பர் பிளேட் விளக்கு 5 வாட். மீட்டருக்குள் இருக்கும் சிறு பல்புகள் எல்லாம் சேர்த்து 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 35 வாட், அதாவது 3 ஆம்பியர். 3 ஆம்பியர் ஓடும் பாதையில் 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகுகிறது என்றால் அங்கே ஐந்து மடங்குக்கு மேல் கரண்ட் பாய்ந்திருக்கிறது. பல்புகளால் அவ்வளவு இழுக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் ஒயர் தோலுரிந்து வண்டியின் இரும்பைத் தொடுகிறது, அதாவது ஷார்ட்.

இன்னொன்று. 15 என்று அச்சடித்திருந்தால் 15ஐத் தாண்டிய கணத்திலேயே உருகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய தட்டை ஃபியூஸ் அப்படிச் செய்யப்படுவதில்லை. எழுதிய அளவுக்குப் பத்து சதவீதம் மேலே ஓடினால் பல மணி நேரம் தாங்கும். 35 சதவீதம் மேலே ஓடினால்கூடப் பத்து நிமிடம் வரை தாங்கலாம். இரண்டு மடங்கு ஓடும்போதுதான் ஐந்து விநாடிக்குள் உருகும். அப்படியானால் 20 ஆம்பியர் ஃபியூஸ் 27 ஆம்பியரைப் பத்து நிமிடம் விட்டுவைக்கக்கூடும். பின்லைட்டுக்குப் போகும் மெல்லிய ஒயரை அந்தப் பத்து நிமிடத்தில் நினைத்துப் பாருங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான், பல்பை அல்ல. ஒயரின் பருமனைப் பார்த்துத்தான் அந்த எண்ணை முடிவு செய்கிறார்கள்.

அரூர் இளைஞன் | ஜூன் 10, காலை 7.05

எடுத்துவிட்டேன். தாள் சுற்றிய இடத்தில் ஹோல்டர் பழுப்பாக வெந்திருக்கிறது. நன்றி அண்ணா, நன்றி டீச்சர். இன்று சரியான ஃபியூஸ் வாங்குகிறேன்.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீஷியன் | ஜூன் 10, காலை 8.10

முப்பது வருடமாகக் கார், லாரி ஒயரிங் வேலை செய்கிறேன். பாலக்கோட்டுத் தம்பியிடம் இரண்டு கேள்வி. உருகிய ஃபியூஸைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்களா? உள்ளே எப்படி இருக்கிறது?

கம்பி நடுவில் துண்டாகி, பிளாஸ்டிக் கருகிப் பளபளப்பாகக் கரிப் படலம் தெறித்திருந்தால் நேரடி ஷார்ட். கரி இல்லாமல் கம்பி மெல்ல இளகி விலகியிருந்தால் நெடுநேரம் அளவுக்கு மேல் லோடு இழுத்திருக்கிறது. முடி போல விரிசல் மட்டும் இருந்தால் வயதாகி, சூடாகிக் குளிர்ந்து குளிர்ந்து அறுந்தது. இந்த மூன்றாவது வகைக்குப் புதியது போட்டால் போதும். முதல் இரண்டுக்கும் போதாது.

பாலக்கோட்டுக்காரன் | ஜூன் 10, மதியம் 1.40

மூன்றும் வைத்திருக்கிறேன் அண்ணா. மூன்றிலும் கரி தெறித்திருக்கிறது. அப்படியானால் ஷார்ட்தான்.

நான் ஃபியூஸைக் கழற்றி மாட்டுவதே சரியான முறைதானா என்று சந்தேகமாக இருக்கிறது. தொப்பூரில் சாவி போட்டபடியே, விளக்கு எரியும் நிலையிலேயே பிளையரால் பிடுங்கினேன். சரியான வழியை ஒருமுறை எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீஷியன் | ஜூன் 10, இரவு 9.30

கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் வண்டியை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது புது ஃபியூஸைச் செருகினால் நுனியில் பொறி பறக்கும். அந்தப் பொறி ஹோல்டரின் பித்தளையை அரிக்கும், பிறகு அந்த இடம் எப்போதும் சூடாகும். பழைய கார்களில் ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே டேஷ்போர்டின் அடியில் இருக்கும். சில வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியும் உண்டு. மூடியின் உட்புறம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். இருபத்தைந்து வருட வண்டியில் அந்த எழுத்து அழிந்திருக்கும். அழிவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழிந்துவிட்டதா? ஒரு மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, எது நிற்கிறது என்று பார்த்து நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பெட்டிக்குள்ளேயே ஃபியூஸ் பிடுங்கும் பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று இருக்கும். தொலைந்திருந்தால் விரலால் பிடித்து நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள். இரும்புப் பிளையரால் பிடித்தால் பக்கத்து ஃபியூஸின் தலையையும் சேர்த்துத் தொட்டுவிடும்.

பார்வைக்கு நல்லதாகத் தெரிகிற ஃபியூஸ் எல்லாம் நல்லது அல்ல. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். வெளியே எடுத்த ஃபியூஸை மல்டிமீட்டரில் (மின்சாரம் அளக்கும் கருவி) பீப் ஒலி வரும் நிலையில் வைத்து இரண்டு காலையும் தொடுங்கள். ஒலி வந்தால் கம்பி முழுதாக இருக்கிறது. கழற்றாமல் பார்க்கவும் வழி உண்டு. தட்டை ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு துளை வழியாக உலோகம் தெரியும். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை வண்டி இரும்பில் மாட்டி, விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலுமே எரியாவிட்டால் அந்த ஃபியூஸுக்குக் கரண்டே வரவில்லை, கோளாறு சுவிட்சிலோ மெயினிலோ இருக்கிறது. ஃபியூஸை மாற்றிக்கொண்டே இருந்து பயனில்லை.

நிறங்களை மனப்பாடம் செய்யுங்கள். 5 இளம் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. நிறம் மங்கியிருந்தால் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் எதையாவது மாற்றிப் போட்டிருக்கலாம் என்பதால், பெட்டியில் இருப்பதை நம்பாமல் மூடிப் படத்தையும் கையேட்டையும் நம்புங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதல் நாளே எல்லா ஃபியூஸையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்து வண்டியில் நாலைந்தில் எங்காவது ஒரு 30 உட்கார்ந்திருப்பதை என் கடையில் பார்க்கிறேன்.

பெட்டி பச்சை பூத்திருந்தால், பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். ஃபியூஸின் கால் லூசாக இருந்தால் ஃபியூஸ் உருகாது, அதன் பிளாஸ்டிக் உருகும். அதைப் பார்த்து ஃபியூஸ் சரியில்லை என்று முடிவு செய்யாதீர்கள். பிடிப்பு சரியில்லை.

பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மெயின் ஃபியூஸிலும், உருகு ஒயரிலும் (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே உருகும்படி செய்த ஒயர்) மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அந்த ஒயரைப் பார்த்தால் சாதாரண ஒயர் போலவே இருக்கும். அது அறுந்தால் அதே பருமனில் வேறு ஒயரைப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். அந்த உருகு ஒயர்தான் வண்டி முழுவதற்கும் கடைசிக் காவல்.

தம்பி, இன்னொரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். கூடை ஏற்றாத அந்தப் பத்து நாளில் டிக்கியைத் திறந்தீர்களா?

தேன்கனிக்கோட்டை அம்பாசிடர் | ஜூன் 10, இரவு 10.05

என்னிடம் இருப்பது அம்பாசிடர். தட்டை ஃபியூஸ் கிடையாது, கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். அதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது பயன்படும்.

லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி) வழியில் வந்த பழைய கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து ஓடக்கூடியது அதில் பாதி, சுமார் 17 ஆம்பியர்தான். இப்போது கடையில் கிடைக்கும் பல கண்ணாடி ஃபியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்கு 35 என்று வாங்கிப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய ஃபியூஸ் போட்டதாகிவிடும். பல வருடம் இது தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு மழைநாளில்தான் புரிந்தது.

கண்ணாடி ஃபியூஸில் கம்பி சில சமயம் உலோகத் தொப்பிக்குள்ளேயே விட்டுப்போயிருக்கும். வெளியே முழுசாகத் தெரியும். ஆகவே எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னபடி மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

மின்னியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி | ஜூன் 10, இரவு 10.30

ஐயா சொன்னது மிகவும் தேவையான தகவல். அதோடு இன்னொரு குழப்பத்தையும் சேர்க்கிறேன். ஐரோப்பிய வழியில் வந்த பழைய வண்டிகளில் இரு முனையும் கூம்பாக, வெளியில் கம்பி தெரிகிற பீங்கான் ஃபியூஸ் இருக்கும். அதன் நிறக் கணக்கு வேறு. அங்கே மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. தட்டை ஃபியூஸில் மஞ்சள் 20, சிவப்பு 10, நீலம் 15. ஒரு வகையின் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு வகையை வாங்கினால் ஆபத்தில் முடியும்.

ஊத்தங்கரை விவசாயி | ஜூன் 11, காலை 5.50

எலியையும் மறந்துவிடாதீர்கள். கேழ்வரகுத் தாள் அடுக்கிய கொட்டகையில் வண்டியை நிறுத்துவேன். அறுவடை முடிந்த இரண்டாவது வாரம் வைப்பர் ஃபியூஸ் மூன்று முறை போனது. பானெட்டைத் திறந்தால் ஒயர் கட்டின் மேல் கூடு, உள்ளே நாலு குஞ்சு. இரண்டு ஒயரின் தோல் முழுவதையும் தின்றிருந்தது. வண்டியை வெளியே வேப்ப மரத்தடிக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பாலக்கோட்டுக்காரன் | ஜூன் 11, காலை 7.20

எலி இல்லை ஐயா, பார்த்துவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணா, நீங்கள் கேட்டதை இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் பத்து நாளில் டிக்கியைத் திறக்கவே இல்லை. காய்கறிப் பையைக்கூடப் பின் சீட்டில்தான் வைத்தேன். கூடை ஏற்றுவதற்காக மட்டுமே திறந்திருக்கிறேன். ஆனால் ஏற்றியது பகலில், ஃபியூஸ் போனது இரண்டு மணி நேரம் கழித்து இரவில். அதெப்படி?

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீஷியன் | ஜூன் 11, காலை 7.45

பகலில் பார்க் லைட் போடவில்லை, அதனால் அந்த ஒயரில் கரண்ட் இல்லை. ஷார்ட் ஆக வாய்ப்பே இல்லை. பின்கதவைத் தூக்கி இறக்கும்போது கீல் பக்கத்தில் ஒயர் மடங்கி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இருட்டி விளக்கைப் போட்ட பிறகு, வளைவிலும் குலுக்கலிலும் தோலுரிந்த இடம் இரும்பைத் தொட்டிருக்கிறது. பாரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

நம்பர் பிளேட் விளக்கு உங்கள் வண்டியில் பின்கதவில்தானே இருக்கிறது? கூரையிலிருந்து கதவுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடங்கிய ஒயர் அது. ஆனால் நான் சொல்வதை நம்பி நேராக அதை அறுக்காதீர்கள். முதலில் நிரூபியுங்கள். புது ஃபியூஸ் ஒன்றுகூடச் செலவாகாமல் நிரூபிக்க வழி இருக்கிறது.

21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டரோடு வாங்குங்கள். இரண்டு ஒயரை அதில் இணைத்து, உருகிப்போன பழைய ஃபியூஸின் இரண்டு காலில் ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள். அதை ஃபியூஸின் இடத்தில் செருகுங்கள். இனி அந்தப் பாதையில் எங்கே ஷார்ட் ஆனாலும் பல்பு பளீரென்று எரியும், அவ்வளவுதான். பல்பு தன் பங்குக்கு மேல் கரண்டை விடாது.

மின்னியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி | ஜூன் 11, காலை 8.00

21ஐ 12ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். நேரடி ஷார்ட் இருந்தாலும் அதற்கு மேல் ஓடாது, ஒயர் சூடாகாது. ஒரு திருத்தம் மட்டும். பார்க் லைட், பின்லைட், மீட்டர் பல்புகள் பாதையில் இருக்கும்வரை சோதனைப் பல்பு ஷார்ட் இல்லாமலே ஓரளவு ஒளிரும். கை எட்டும் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டுச் சோதித்தால் குழப்பம் இருக்காது. மீட்டர் பல்புகள் மட்டும் இருந்தால் மங்கலாக எரியும், ஷார்ட் ஆகும்போது முழு வெளிச்சத்துக்குத் தாவும். அந்தத் தாவல்தான் நீங்கள் பார்க்க வேண்டியது.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீஷியன் | ஜூன் 11, காலை 8.12

டீச்சர் சொன்னது சரி. அதையும் செய்யுங்கள். பல்பு எரிகிற நிலையில் ஒயர் கட்டை முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பாருங்கள். பிறகு கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்) ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் மங்குகிறதோ அதற்கு அந்தப் பக்கத்தில் கோளாறு.

பாலக்கோட்டுக்காரன் | ஜூன் 14, மாலை 6.50

இன்று ஞாயிறு. காலையிலிருந்து வண்டியோடுதான் இருந்தேன். கிடைத்துவிட்டது.

சோதனைப் பல்பை மாட்டி, டீச்சர் சொன்னபடி பல்புகளைக் கழற்றி, பார்க் லைட்டைப் போட்டேன். மங்கலாகத்தான் எரிந்தது. டேஷ்போர்டு அடியில் அசைத்தேன், மாற்றம் இல்லை. கதவுப் படிக்கு அடியில் போகும் ஒயர் கட்டையும் அசைத்தேன், இல்லை. மனைவி முன்னால் உட்கார்ந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்கதவை மெல்லத் தூக்கினேன். பாதிக்கு மேல் வந்ததும் "வந்துடுச்சு!" என்று கத்தினாள். இறக்கினால் மங்கல், தூக்கினால் பளீர். நாலைந்து முறை செய்து பார்த்தோம். ஒரு முறை கதவை அறைந்து சாத்தியபோது, மூடிய பிறகும் பளீரென்றே நின்றது. தொப்பூரில் நடந்தது இதுதான்.

ரப்பர் குழாயை உருவியதும் பார்த்தேன். நாலு ஒயரில் மூன்றின் தோல் வெடித்து, சிவப்பு ஒயரின் செம்பு வெளியே தெரிந்தது. கூரை இரும்பின் விளிம்பில் ஒரு கரும்புள்ளி, பொறி பறந்த தடம். இத்தனை வருடம் அந்தக் கதவை எத்தனை ஆயிரம் முறை தூக்கியிருப்போம், அங்கே ஒயர் மடங்குகிறது என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

நான் 20 போட்டிருந்தால் அந்தப் பொறி இன்னும் நீண்ட நேரம் பறந்திருக்கும். அந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கூரைத் துணியும் பஞ்சும் இருக்கின்றன. அதற்கு நேர் கீழே என் மகளின் இருக்கை.

இப்போது இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா?

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீஷியன் | ஜூன் 14, இரவு 8.30

போதாது தம்பி. மடங்குகிற இடத்தில் டேப் நிற்காது. கோடை வெயிலில் பசை இளகி வழுக்கிவிடும், மூன்று மாதத்தில் பழைய கதைதான்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். நாலு ஒயரையுமே மாற்றுங்கள், வெடித்த மூன்றை மட்டும் அல்ல. நாலாவதுக்கும் வயது அதேதான். மெல்லிய இழை நிறைய உள்ள, வளைந்து கொடுக்கிற ஆட்டோ ஒயராகக் கேளுங்கள், வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வேண்டாம். பழைய ஒயரின் பருமனுக்குக் குறையக் கூடாது. குழாயின் இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். ஒட்டு கூரைக்குள் ஒன்று, கதவுக்குள் ஒன்று என்று வர வேண்டும், மடங்கும் பகுதியில் ஒட்டே இருக்கக் கூடாது. நாலு ஒட்டும் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாக வையுங்கள். ஒட்டுவதற்கு முன்பே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை ஒயரில் கோத்துவிடுங்கள். ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வரும், அப்போது கோக்க முடியாது.

கதவை முழுதாகத் தூக்கிய நிலையில் அளந்து, அதற்கு மேல் நாலு விரல் கூடுதல் நீளம் விடுங்கள். ரப்பர் குழாய் கிழிந்திருந்தால் புதியது வாங்குங்கள். கூரைத் துளையில் இருக்கும் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை இரும்பு வழியாக விடவே கூடாது.

முடித்ததும் நேராக ஃபியூஸ் போடாமல் அதே சோதனைப் பல்பை வைத்து, கதவை இருபது முறை தூக்கி இறக்குங்கள். பல்பு தாவாவிட்டால் 15 போடுங்கள்.

அரூர் இளைஞன் | ஜூன் 14, இரவு 9.10

அண்ணா, கடையில் பத்து ஃபியூஸ் கொண்ட அட்டை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீஷியன் | ஜூன் 14, இரவு 9.25

தயாரித்தவர் பெயர் இல்லாத அட்டை வேண்டாம். அப்படிப்பட்ட ஒன்றில் 10 என்று எழுதிய ஃபியூஸை எடுத்து என் மேசையில் பேட்டரியோடு நேராக ஷார்ட் செய்து பார்த்தேன். ஒயர் தோல் புகைந்த பிறகுதான் ஃபியூஸ் போனது. பெயருள்ள கம்பெனியின் ஃபியூஸ் சில ரூபாய்தான் கூடுதலாக இருக்கும். உன் பைக்குக்கு எந்த எண் என்று கையேட்டில் பார்த்து, அதில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்.

ஒகேனக்கல் சாலை | ஜூன் 14, இரவு 9.50

பாலக்கோட்டு நண்பருக்கு ஓட்டுநராக ஒரு யோசனை. மீட்டர் விளக்கும் பின்லைட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும் வண்டியில், மீட்டர் இருண்டால் அதே நொடியில் பின்லைட்டும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹசார்டு விளக்குக்கு (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) பெரும்பாலும் தனி ஃபியூஸ்தான். உடனே அதைப் போட்டு, மெல்ல இடது ஓரம் வாருங்கள். தொப்பூர் வளைவின் நடுவில் நிற்காதீர்கள். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு ஏதாவது ஒன்று மின்னிக்கொண்டிருக்க வேண்டும்.

பாலக்கோட்டுக்காரன் | ஜூன் 21, இரவு 11.35

நாமக்கல்லில் அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஒயர் நாலையும் மாற்றி, புது ரப்பர் குழாய் போட்டேன். சோதனைப் பல்போடு கதவை இருபது முறை அல்ல, ஐம்பது முறை தூக்கினேன். பிறகு நீல ஃபியூஸ்.

இன்று ஆறு கூடை. வேண்டுமென்றே இருட்டிய பிறகு கிளம்பினேன். தருமபுரியில் டீ குடிக்க நிறுத்தியபோது டிக்கியை மூன்று முறை திறந்து மூடினேன். தொப்பூர் இறக்கம் முழுவதும் மனைவி மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். விளக்கு அசையவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணா, திரும்பும் வழியில் ஒரு கூடை செந்தூராவைக் காவேரிப்பட்டணத்தில் கொண்டுவந்து கொடுக்கிறேன். கடை எந்தத் தெரு என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.